எல்லோரும் பார்த்த கூரை

கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளியின் மாடியில் கீற்றுக் கூரை வேய்ந்திருந்தது, அந்தத் தெருவில் போய்வந்த யாருக்கும் தெரியாத விஷயமல்ல. ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள் நடந்ததும், மாடிக்கு ஏறி இறங்கும் படிக்கட்டு குறுகலாக இருந்ததும், சத்துணவு அடுப்பு அதே வளாகத்தில் எரிந்ததும் அப்படித்தான். 2004 ஜூலை 16 காலை சமையலறையில் பிடித்த தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அதன் பிறகு நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்றானது. பத்து ஆண்டு கழித்து, 2014 ஜூலையில், தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அனுமதி கொடுத்தவர் யார், ஆய்வுக்கு வராமல் கையெழுத்திட்டவர் யார் என்று அன்று முதல் கேட்டுவருகிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதே அளவு முக்கியமான இன்னொரு கேள்வி பின்னாலேயே நின்றுவிட்டது. அத்தனை பேர் கண்ணில் பட்ட ஆபத்து, அந்தக் கூரையைப் பிரிக்க வைக்கும் வலுவை ஏன் பெறவில்லை? பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் மீது குற்றம் சுமத்த இதைக் கேட்கவில்லை. பார்த்ததைச் சொல்ல அவர்களுக்கு ஓர் இடமும், சொன்னால் பதில் பெற ஓர் உரிமையும் அன்று இல்லை என்பதுதான் என் வாதத்தின் தொடக்கம்.

கும்பகோணத்துக்குச் சரியாக ஒன்பது ஆண்டு கழித்து, 2013 ஜூலை 16 அன்று, பீகார் மாநிலம் சரன் மாவட்டத்தின் கண்டாமன் கிராமத் தொடக்கப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. எண்ணெய் சரியில்லை என்று சமையல்காரப் பெண் சொன்னதாகவும், பொறுப்பில் இருந்தவர் அதைப் பொருட்படுத்தாமல் சமைக்கச் சொன்னதாகவும் விசாரணையில் தெரியவந்தது. கொப்பரை முன்னால் நின்ற அந்தப் பெண்ணுக்கு உண்மை தெரிந்திருந்தது, சமையலை நிறுத்தும் அதிகாரம் மட்டும் இல்லை. அதற்கு ஓராண்டு முன்பு, 2012 ஜூலையில், தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விழுந்து, அதே வண்டியின் பின்சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அந்த வண்டிக்குத் தகுதிச் சான்று இருந்தது. காலையும் மாலையும் அதில் ஏறி இறங்கிய பிள்ளைகளின் கண்ணெதிரே ஓட்டையும் இருந்தது. அரசாங்கக் காகிதத்துக்குத் தெரியாத ஒன்று ஆறு வயதுக் குழந்தைகளுக்குத் தெரிந்திருந்தது என்பதை நினைக்கும்போது மனம் பதறுகிறது.

இந்த மூன்றையும் தீ, நஞ்சு, வாகனம் என்று தனித்தனிக் கோப்பில் போட்டு மூடிவிடுவது நிர்வாகத்தின் வழக்கம். தீக்கு ஒரு சுற்றறிக்கை, உணவுக்கு ஒரு சுற்றறிக்கை, வண்டிக்கு ஒரு விதித்தொகுப்பு. அவை தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மூன்றிலும் அடியில் ஓடுவது ஒரே குறை. தெரிந்தவரிடம் அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள அவசியம் ஏற்படவில்லை. ஆகவே தொடக்கப் பள்ளியில் குழந்தையின் பாதுகாப்பு என்பது, சுவரின் உயரத்தையும் பூட்டின் கனத்தையும்விட, சின்னச் சின்னச் சேதிகள் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே தடையில்லாமல் போய்வருவதையும், வந்த சேதிக்கு யாராவது பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பதையும் நம்பியிருக்கிறது. பள்ளியும் பெற்றோரும் கைகோக்க வேண்டும் என்று ஆண்டுவிழா மேடைகளில் சொல்கிறோமே, அதற்கு நடைமுறையில் ஓர் அர்த்தம் உண்டென்றால் அது இதுதான்.

இதை மிகக் கடுமையான விலை கொடுத்துக் கற்ற ஓர் ஊர் ஜப்பானில் இருக்கிறது. 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வந்தபோது, இஷினோமாகி நகரைச் சேர்ந்த ஒகாவா தொடக்கப் பள்ளியில் கட்டடம் இடியவில்லை, யாருக்கும் பெரிய காயமில்லை. பிள்ளைகளை மைதானத்தில் உட்கார வைத்தார்கள். ஏறத்தாழ ஐம்பது நிமிடம் அங்கேயே வைத்திருந்தார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே குன்று இருந்தது. பிள்ளையை அழைத்துப்போக வந்த பெற்றோர் சிலர், சுனாமி எச்சரிக்கையை வானொலியில் கேட்டதாகச் சொன்னார்கள். குன்றில் ஏறிவிடலாம் என்று பிள்ளைகளே கெஞ்சினார்கள். எங்கே போவது என்று பெரியவர்கள் முடிவெடுத்துக் கிளம்பிய சற்று நேரத்திலேயே அலை வந்தது. 74 குழந்தைகளும் 10 ஆசிரியர்களும் போனார்கள். பள்ளியின் பேரிடர்க் கையேட்டில், சுனாமி வந்தால் காலியிடத்துக்கோ பூங்காவுக்கோ செல்ல வேண்டும் என்று எழுதியிருந்ததே தவிர, எந்தக் காலியிடம், எந்தப் பூங்கா என்று இல்லை. 23 குழந்தைகளின் குடும்பத்தார் வழக்குத் தொடர்ந்தார்கள். செண்டாய் உயர் நீதிமன்றம் 2018-இல் அளித்த தீர்ப்பு, அன்றைய ஐம்பது நிமிடத்தோடு நிற்காமல், அதற்கு முந்தைய ஆண்டுகளில் பள்ளியும் கல்வி நிர்வாகமும் முன்னேற்பாடு செய்யத் தவறியதையே குற்றமாகக் கண்டது. 2019-இல் உச்ச நீதிமன்றத்தில் அது உறுதியானது.

அதே கடற்கரையில், வடக்கே கமைஷி என்ற நகரில், ஏறக்குறைய மூவாயிரம் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலும் அனைவரும் பிழைத்தார்கள். அதற்குச் சில ஆண்டுகளாகவே தொஷிடாகா கடாடா என்ற பேராசிரியரும் ஆசிரியர்களும் பிள்ளைகளைப் பழக்கியிருந்தார்கள். யாருக்காகவும் காத்திராமல் மேட்டுக்கு ஓடுவது பாடத்தின் ஒரு பாதி. மறுபாதிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ‘நான் கட்டாயம் ஓடிப்போய்விடுவேன், என்னைத் தேடி வராமல் நீங்களும் ஓடுங்கள்’ என்று வீட்டில் அம்மா அப்பாவிடம் சொல்லி, அவர்கள் அதை நம்பும் வரை பேசிவிட்டு வரும்படி பிள்ளைகளிடம் சொன்னார்கள். பிள்ளை ஓடிவிடும் என்று தாய்க்குத் தெரியாவிட்டால் தாய் பள்ளியை நோக்கித்தான் ஓடுவாள். தாய் வருவாள் என்று பிள்ளை நினைத்தால் அது நின்ற இடத்தில் நிற்கும். வீடு இதைச் செய்யும், பள்ளி இதைச் செய்யும் என்று இரு தரப்புக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்ததுதான் அந்தப் பிள்ளைகளைக் காத்தது. 2004 டிசம்பரில் சுனாமியைப் பார்த்த நமது கடலோர மாவட்டங்களில் எத்தனை தொடக்கப் பள்ளிகள் பெற்றோரை உட்காரவைத்து இப்படி ஓர் உடன்பாடு செய்துகொண்டிருக்கின்றன என்பது அந்தந்த ஊர்க்காரர்கள் இன்றே விசாரித்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

பேரிடரை விட்டு அன்றாடத்துக்கு வருவோம். ஒரு பிள்ளை காலை மணிக்கு வகுப்பில் இல்லை. உடம்பு சரியில்லை போலும், வீட்டில் இருக்கிறான் என்று ஆசிரியர் எண்ணுகிறார். பள்ளிக்குப் போயிருக்கிறான் என்று வீடு எண்ணுகிறது. இரண்டு எண்ணமும் நியாயமானவை. இரண்டுக்கும் நடுவில், மாலை நாலு மணி வரை, அந்தப் பிள்ளை யார் கணக்கிலும் இல்லை. வீட்டிலிருந்து முன்கூட்டியே ஒரு சேதி, சேதி வராத பிள்ளைகளுக்காக முதல் பாடவேளைக்குள் பள்ளியிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. இந்த ஏற்பாட்டுக்குக் காசு செலவில்லை. ஆனால் ஒரு தரப்பு மட்டும் செய்தால் இது பயன்படாது. பெற்றோர் லீவு சொல்லாமலே பழகிவிட்டால் ஆசிரியர் நாளும் பத்துப் பேருக்கு அழைத்து அலுத்துப்போவார். பள்ளி அழைக்காமலே பழகிவிட்டால் பெற்றோர் எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிடுவார்கள். மாலையில் கூட்டிப்போக வருபவர் விஷயமும் இதேதான். சித்தப்பா என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து நின்றால், அவரோடு அனுப்பலாமா கூடாதா என்பதை வாசலில் நிற்கும் ஆயா எப்படி முடிவெடுப்பார்? யார் யார் வரலாம் என்று வீடு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாதவர் சொந்த மாமாவே ஆனாலும் அனுப்ப மறுக்கும் உறுதி பள்ளிக்கு வேண்டும். மறுத்ததற்காகச் சண்டைக்குப் போகாத பொறுமை வீட்டுக்கு வேண்டும்.

வாகனத்தில் இந்த இடைவெளி இன்னும் அகலமானது. தாம்பரம் விபத்துக்குப் பின் அதே ஆண்டு தமிழக அரசு பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. கோடை விடுமுறையில் மஞ்சள் பேருந்துகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் சோதிக்கும் காட்சியை ஆண்டுதோறும் செய்தித்தாளில் பார்க்கிறோம். ஆனால் ஏராளமான சிறுபிள்ளைகள் போய்வருவது பெற்றோரே பேசிவைத்த ஆட்டோவிலும் வேனிலும்தான். ஓட்டுநரின் மடிக்குப் பக்கத்தில் ஒருவன், பின்னால் குறுக்குப் பலகையில் நாலு பேர், வெளியே தொங்கும் பைகள். அது எங்கள் வண்டி இல்லை என்று பள்ளி கைவிரித்துவிடும். பெற்றோருக்கோ கூடுதல் பிள்ளை ஏறினால் மாதக் கட்டணம் குறையும். இங்கே குற்றத்தில் நமக்கும் பங்குண்டு என்பதை மழுப்பாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளி வாசலில் வந்து நிற்கும் ஒவ்வொரு ஆட்டோவிலும் எத்தனை பிள்ளை, ஓட்டுபவர் யார் என்று பள்ளி குறித்துவைத்து, அதிகம் ஏற்றினால் பெற்றோர் அனைவருக்கும் ஒருசேரத் தெரிவித்தால், கட்டணத்தை நினைத்து ஒருவரும் வாய் திறக்காத நிலை மாறும்.

எல்லாவற்றிலும் கடினமானது பாலியல் சீண்டல். மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்கள், 53.22 விழுக்காட்டினர், ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். ஆண்பிள்ளைகளும் இதில் அடக்கம். துன்புறுத்தியவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கடைசிச் செய்தியில்தான் பள்ளியும் வீடும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தேவை என்பது தெரிகிறது. தவறு வீட்டுக்குள் நடந்தால் குழந்தை சொல்வதற்கு மிச்சமிருப்பது ஆசிரியர். பள்ளிக்குள் நடந்தால் மிச்சமிருப்பது வீடு. இருவரில் எவரோ ஒருவரேனும் சொன்னதை நம்புவார் என்ற தெம்பு குழந்தைக்கு இருக்க வேண்டும். அதோடு, அந்த ஒருவர் கேட்டதை விழுங்கிவிடாமல் அடுத்த அடி எடுத்துவைக்க வேண்டும். வாயாடியாக இருந்தவள் திடீரென்று மௌனமானதை வகுப்பாசிரியர் பார்க்கிறார். வெள்ளிக்கிழமை என்றால் வயிற்றுவலி வருவதை அம்மா பார்க்கிறாள். இரண்டும் தனித்தனியே ஒன்றுமில்லாதவை. சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் வெள்ளிக்கிழமை என்ன நடக்கிறது என்று கேட்கத் தோன்றும்.

சட்டம் இதில் தயங்கவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012 நவம்பர் 14 முதல் நடப்பில் உள்ள போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்தது என்று அறிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மறைத்தால் 21-ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. தன் கீழ் வேலை செய்பவர் செய்ததை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்குத் தொடுக்க முடியாது. குழந்தையின் வாக்குமூலத்தைக் காவல் அதிகாரி சீருடையில்லாமல், குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிய வேண்டும். பெயரையோ பள்ளியையோ ஊடகம் வெளியிடக் கூடாது. 2020 விதிகளின்படி, குழந்தைகளோடு பழகும் ஊழியர்களின் பின்னணியைக் காவல்துறை மூலம் சரிபார்க்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. இத்தனை இருந்தும், பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று நிர்வாகமும், பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்று குடும்பமும் ஒரே அறையில் உட்கார்ந்து விஷயத்தை அமுக்கிவிடும் கொடுமை நடக்கிறது. அதுவும் பள்ளியும் பெற்றோரும் சேர்ந்து செய்யும் காரியம்தான். அதனால்தான் வெறும் ஒற்றுமை போதாது என்கிறேன். அந்த ஒற்றுமைக்கு வெளியே, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் 14417-ம் குழந்தைக்கே மனப்பாடமாக இருக்க வேண்டும்.

சேதி போய்வர ஒரு வழி வேண்டும் என்றேன். அந்த வழியைச் சட்டம் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், குழுவில் பாதிப்பேர் பெண்கள் என்கிறது. தமிழகத்தில் நெடுநாள் பெயரளவில் கிடந்த இந்தக் குழுக்கள், 2022-இல் ‘நம் பள்ளி நம் பெருமை’ என்ற முழக்கத்தோடு அரசுப் பள்ளிகளில் மறுகட்டமைப்பு பெற்றன. கூலி வேலைக்குப் போகும் தாய்மார் பலர் தலைவர் நாற்காலியில் அமர்ந்தார்கள். ஜனநாயகத்தில் இது சின்னக் காரியமல்ல. ஆனால் கூட்டங்களின் தீர்மானங்கள் பெரும்பாலும் சுற்றுச்சுவர், கழிப்பறை, கூடுதல் வகுப்பறை என்று நின்றுவிடுகின்றன. அவையும் பாதுகாப்புதான். 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர்கள் இறந்ததை மறந்துவிட முடியாது. இருந்தாலும் போன மாதம் யார் எதைப் பார்த்தார்கள், யாரிடம் சொன்னார்கள், என்ன ஆயிற்று என்ற விசாரிப்பு ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் வேலையாக இருந்தால், அந்தக் குழுவின் மதிப்பே வேறாகிவிடும். புகார் சொன்னவரின் பெயர் வேண்டாம். சொன்ன விஷயமும், அதற்கு எடுத்த நடவடிக்கையும், எடுக்கவில்லையென்றால் காரணமும் பதிவேட்டில் ஏறினால் போதும். எழுத்தில் இருப்பதைத் தலைமையாசிரியர் மாறினாலும் அழிக்க முடியாது.

இதற்கு வரும் முதல் மறுப்பு, கூலிக்குப் போகிறவர்கள் வேலை நாளின் பிற்பகலில் கூட்டத்துக்கு எப்படி வருவார்கள் என்பது. நியாயமான மறுப்பு. பனியன் கம்பெனியில் அரைநாள் விடுப்பு என்பது அரைநாள் சம்பளம். அதற்குப் பெற்றோரைக் குறைசொல்வது கொடுமை, கூட்ட நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். அந்தி ஏழு மணிக்கோ ஞாயிறு காலையிலோ தெருவிலேயே கூடலாம். அதற்காக ஆசிரியருக்கு ஈடுவிடுப்பு கொடுக்கலாம். எல்லோரும் வரவேண்டியதும் இல்லை. தெருவுக்கு ஒரு தாய் என்று வைத்தாலே சேதி வந்து சேரும். அடுத்த மறுப்பு ஆசிரியர்களிடமிருந்து வருகிறது. அவர்களது தயக்கத்தை அலட்சியம் செய்யக் கூடாது. இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பு நடத்தும் பள்ளிகள் உண்டு. அவர்கள் தலையில் செயலியில் பதிவேற்ற வேண்டிய விவரங்களும் நலத்திட்ட விநியோகமும் வேறு. இதற்கு மேல் பெற்றோரும் கேள்வி கேட்டால், சின்ன விஷயத்துக்கும் கும்பலாக வந்து மிரட்டினால் என்ன செய்வது என்கிறார்கள். கும்பல் வருவதும் உண்மைதான். தாம்பரம் விபத்தன்று அந்தப் பேருந்து தீக்கிரையானது. ஆனால் கும்பல் கூடுவது எப்போது? சொல்ல இடமில்லாமல் மாதக்கணக்கில் அடக்கிவைத்த குறை, உயிர் போன பிறகு ஒரே நாளில் வெடிக்கும்போது. மாதம் ஒருமுறை அமைதியாகக் கேட்டுப் பதில் எழுதும் பள்ளியை ஊர் பாதுகாக்கும். தவிர, பாதுகாப்புக்குப் பொறுப்பு ஆசிரியர் ஒருவர் மட்டுமே என்று இருந்தால்தான் எல்லாப் பழியும் அவர் மீது விழும். பகிர்ந்த பொறுப்பு அவரது சுமையையும் குறைக்கும்.

கேமரா வைத்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் அதிகம். வாசலிலும் தாழ்வாரத்திலும் கேமரா இருக்கட்டும். ஆனால் கழிப்பறையிலும் ஆட்டோவிலும் உறவினர் வீட்டிலும் அது இல்லை. எண்ணெய் நாற்றத்தை அது முகராது, பிள்ளையின் வயிற்றுவலிக்குக் காரணம் கேட்காது. நடந்த பிறகு நிரூபிக்க உதவும், அந்தப் பதிவைப் பார்க்கும் உரிமையும் பெரும்பாலும் நிர்வாகத்திடமே இருக்கும். பெற்றோரின் கண்ணுக்கு மாற்றாக அதை விற்கும்போது ஏமாந்துவிடக் கூடாது. ஐந்து வயதுக் குழந்தையிடம் உடம்பைத் தொடுவது பற்றியெல்லாம் பேசினால் பயந்துவிடாதா என்ற கவலை வேறு வகை. அதில் அன்பு இருக்கிறது. ஆனால் சாலையில் இடதும் வலதும் பார் என்று சொல்லும்போது விபத்தில் நசுங்கிய உடலை நாம் வர்ணிப்பதில்லை. அதுபோல, உடம்பின் எந்தப் பகுதிக்கும் பெயர் உண்டு, பிடிக்காததை யார் செய்தாலும் வேண்டாம் என்று சொல்லலாம், ரகசியமாக வைத்துக்கொள் என்று ஒரு பெரியவர் சொன்னால் அதை உடனே அம்மாவிடமோ டீச்சரிடமோ சொல்ல வேண்டும், திட்டமாட்டோம் என்ற அளவு போதும். இதைப் பள்ளி ஒரு மாதிரியும் வீடு ஒரு மாதிரியும் சொன்னால் குழந்தை குழம்பும். டீச்சர் சொல்லிக்கொடுத்ததை வீட்டில் ‘என்ன பேச்சு இது’ என்று அதட்டினால் பாடம் அன்றோடு முடிந்தது.

குறை சொன்னால் பிள்ளைமீது வஞ்சம் தீர்ப்பார்கள் என்ற அச்சத்துக்கு மட்டும் என்னிடம் எளிய பதில் இல்லை. உடல்ரீதியான தண்டனையும் மனரீதியான துன்புறுத்தலும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் தடைசெய்யப்பட்டிருக்கின்றன. வகுப்பில் பிள்ளையைக் குத்திப்பேசுவதும் அதில் வரும். ஆனாலும் தனியொரு தாய் தனியாகப் போய்ச் சொல்லும்வரை அச்சம் தீராது. பத்துப் பெற்றோரின் குரலாக, குழுவின் தீர்மானமாக வரும்போது எந்தப் பிள்ளைமீது வஞ்சம் தீர்ப்பது என்று தெரியாமல் போகும். இங்கேதான் தனியார் பள்ளிகளின் நிலை கவலைக்குரியது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளை, மேலாண்மைக் குழு பற்றிய கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு கட்டுப்படுத்தாது. தமிழகத்தில் லட்சக்கணக்கான தொடக்கநிலைக் குழந்தைகள் படிக்கும் இந்தப் பள்ளிகளில் பெற்றோர் கட்டணம் கட்டுபவர் மட்டுமே. கேள்வி கேட்டால், பிடிக்காவிட்டால் டிசி வாங்கிக்கொள்ளுங்கள் என்ற பதில் தயாராக இருக்கும் இடங்களும் உண்டு. பேருந்து ஓட்டையால் குழந்தை இறந்தது இப்படியான தனியார் பள்ளியின் வண்டியில்தான். சத்துணவு சாப்பிடும் பிள்ளையின் தாய்க்குச் சட்டம் கொடுத்த நாற்காலியை, ஆண்டுக்கு ஐம்பதாயிரம் கட்டும் பிள்ளையின் தாய்க்கும் கொடுக்க வேண்டும். வாகனம், ஊழியர் நியமனம், தீயணைப்பு ஏற்பாடு ஆகியவற்றை நேரில் பார்த்துக் கேள்வி கேட்கும் உரிமையுள்ள, பெற்றோரே தேர்ந்தெடுத்த குழு இல்லாத பள்ளிக்கு அங்கீகாரம் புதுப்பிக்கக் கூடாது என்று ஒரு திருத்தம் வரட்டும். அது வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது புத்தகக் கட்டணத்தோடு சேர்த்து மூன்று விஷயத்தை எழுத்தில் கேட்கலாம்: என் பிள்ளை வராவிட்டால் எத்தனை மணிக்குள் அழைப்பீர்கள், யாரிடம் மட்டும் ஒப்படைப்பீர்கள், குறை சொன்னால் எத்தனை நாளில் பதில் வரும். ஒரு வகுப்பில் பத்துப் பெற்றோர் ஒரே நாளில் இதைக் கேட்டால் பள்ளி பதில் எழுதியே தீர வேண்டும்.